பள்ளிக்கூடத்து வைஃபை வீடு வரை வருமா?

வணக்கம் டீச்சர். உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி: திருகோணமலை நகருக்குள், கடற்கரையை அண்டிய உங்கள் பாடசாலைக்குப் பழைய மாணவர்கள் 100 மெகாபிட் ஃபைபர் இணைப்பும் நான்கு வைஃபை கருவிகளும் போட்டுத் தந்திருக்கிறார்கள். பிற்பகல் 1.30க்கு மணி அடித்ததும் அந்த இணைப்பு மறுநாள் காலை வரை சும்மா கிடக்கிறது. திருக்கடலூரிலும் பாலையூற்றிலும் கன்னியாப் பக்கமும் இருக்கும் பிள்ளைகளுக்கோ வீட்டில் டேட்டா இல்லை. "கூரையில் ஒரு பெரிய அன்டெனா பூட்டினால் வீடுகளுக்கும் எடுபடாதா?" என்று அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்க, விலைப்பட்டியலும் வந்துவிட்டது. வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு வேறு வேலை இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கி பாடத் தொடங்கினால் பாதி ஊருக்குக் கேட்கிறது. உங்கள் வீட்டு முற்றத்தில் நின்று நீங்கள் பதில் சொன்னால் கோயிலுக்குக் கேட்குமா? வைஃபை வானொலியைப் போன்றதன்று, அது உரையாடல். ரவுட்டர் அனுப்பும் ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் பிள்ளையின் கைத்தொலைபேசி "கிடைத்தது" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வராவிட்டால் ரவுட்டர் அதே துண்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். கைத்தொலைபேசி வைஃபையில் வெளியிடும் வலு சுமார் 30 மில்லிவாட்தான். நீங்கள் கூரையில் எவ்வளவு பெரிய அன்டெனாவைப் பூட்டினாலும் பிள்ளையின் கையில் இருக்கும் கருவி பெரிதாகிவிடாது. திரையில் நான்கு கோடும் நிறைந்து தெரியும், பக்கம் திறக்காது. கடற்கரை விடுதிகளில் இந்தக் கூத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கணக்காகவும் பாருங்கள். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை ஒரு கிலோமீட்டர் வெறும் வெளியில் போனாலே இழப்பு 100 டெசிபெல். அதாவது புறப்பட்ட வலுவில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் இன்னும் 6 டெசிபெல் போகும். வழியில் ஒரு சீமெந்துக் கல் சுவர் வந்தால் மிஞ்சியதில் பத்தில் ஒன்று மிஞ்சலாம். தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் பிள்ளையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. மழையில் நனைந்த வேப்பமர இலைகளும் இந்த அலையை நன்றாகக் குடிக்கும். ஆவணியில் பரிசோதித்து "வேலை செய்கிறது" என்று சொன்னவர் கார்த்திகையில் கையை விரிப்பார்.

இன்னொரு கெடுதியும் உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரு வைஃபை கருவியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பக்கத்தில் இருப்பவர் வேகமாகப் பேசி முடித்துவிடுவார். தூரத்தில் தள்ளாடும் கருவி நொடிக்கு 1 மெகாபிட் வேகத்துக்கு இறங்கி இழுத்து இழுத்துப் பேசும். 1500 பைட் கொண்ட ஒரு துண்டை அனுப்ப அதற்கு 12 மில்லிநொடி. ஆய்வுகூடத்தில் இருக்கும் கணினிக்கு அது அரை மில்லிநொடி வேலை. ஆகவே தூரத்துக்கு நீட்ட நீட்ட உள்ளே இருப்பவர்களின் வேகமும் சேர்ந்து படுக்கும். மதிலுக்கு வெளியே ஓரிருவர் ஒட்டிக்கொண்டு நின்றாலே ஆசிரியர் அறையில் "இன்றைக்கு நெட் சரியில்லை" என்ற பேச்சு எழும்.

இந்த இடத்தில் யாராவது வீபிஎன் என்று ஒரு சொல்லை எடுத்துப் போடுவார்கள். "பிள்ளை வீட்டிலிருந்தே பாடசாலை வலையமைப்புக்குள் வந்துவிடலாம்" என்பார்கள். உண்மைதான், ஆனால் வருவதற்குப் பாதை வேண்டுமே. வீபிஎன் என்பது இருக்கிற இணையத்துக்குள்ளே போடும் ஒரு மூடிய குழாய். அதைத் திறக்கவே பிள்ளையின் கைத்தொலைபேசியில் டேட்டா இருக்க வேண்டும். பிள்ளையின் டேட்டா குறைவது குறைந்துகொண்டே இருக்கும், பாடசாலையின் இணைப்போ இரட்டிப்பாகத் தேயும்: ஒரு காணொளி முதலில் பாடசாலைக்கு இறங்கி, பிறகு பாடசாலையிலிருந்து பிள்ளைக்கு ஏற வேண்டும். பதிவேற்ற வேகம் குறைவான இணைப்பில் இருபது பிள்ளைகள் வந்ததும் தொண்டை அடைத்துவிடும். அதிபரின் கணினியையோ புள்ளிப் பதிவேட்டையோ வீட்டிலிருந்து பார்க்க வேண்டிய இரண்டு மூன்று ஆசிரியர்களுக்கு வீபிஎன் நல்லது. பிள்ளைகளுக்கு அது தீர்வாகாது.

பிற நாடுகளில் செய்திருக்கிறார்களே என்று கேட்பீர்கள். செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சில கல்வி மாவட்டங்கள் 3.5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் சொந்தக் கோபுரம் வைத்து மாணவர் வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்தன. அந்த அலைவரிசையை அப்படிப் பகிர்ந்து பயன்படுத்த அங்கே சட்டம் இடம்கொடுக்கிறது, இங்கே அந்த ஏற்பாடு இல்லை. அங்கும் வீட்டில் அதற்கென ஒரு கருவி வேண்டும். நேபாளத்தில் மகாபீர் புன் மலைக் கிராமத்துப் பாடசாலைகளை வைஃபை கொண்டே இணைத்தார், 2007இல் மகசேசே விருதும் பெற்றார். அதே 2007இல் வெனிசுவேலாவில் இரண்டு மலைகளுக்கு இடையே 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை இணைப்பு ஒன்றை நிறுவிக் காட்டினார்கள். இரண்டு முனையிலும் நேருக்கு நேர் பார்க்கும் அன்டெனா இருந்தால் 382 கிலோமீட்டரும் போகும். ஒரு முனையில் வெறும் கைத்தொலைபேசி என்றால் 300 மீட்டரும் பாடுதான்.

சரி, அப்படியானால் பிள்ளைக்கு என்ன வழி? வீட்டுக்குப் போக வேண்டியது எது என்று முதலில் கேட்க வேண்டும். தரம் 10 பிள்ளைக்கு இரவு ஏழு மணிக்கு வேண்டியது பாடநூல், கடந்தகால வினாத்தாள், நீங்கள் வகுப்பில் சொன்ன விளக்கம். இவை எதுவும் அந்த நொடியில் இணையத்திலிருந்து வர வேண்டியவையல்ல. காலையிலேயே தெரிந்தவை. பிள்ளையோ பெற்றோரோ தினமும் பாடசாலை வாசலுக்கு வந்துபோகிறார்கள். அவர்கள் கையில் கைத்தொலைபேசி இருக்கிறது. அலையை வீட்டுக்கு அனுப்பத் தலையை உடைக்காமல், கைத்தொலைபேசி வாசலுக்கு வரும்போது பாடத்தை அதில் ஏற்றி அனுப்பிவிடலாம்.

இதற்கு வேண்டியது ஒரு பழைய மடிக்கணினி, அல்லது ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி. அதில் கோலிப்ரி என்ற இலவச மென்பொருளைப் போட்டால் அது ஒரு சிறிய பாடசாலை இணையத்தளம் போல நடந்துகொள்ளும். கிவிக்ஸ் போட்டால் தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் இணையம் இல்லாமலே அதற்குள் இருக்கும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள், பரீட்சைத் திணைக்களத்தின் வினாத்தாள்கள், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் உள்ள பாடங்கள் எல்லாவற்றையும் இரவில், சும்மா கிடக்கும் உங்கள் ஃபைபரில், ஒருமுறை இறக்கி வைத்துவிடுங்கள். அந்த நள்ளிரவு டேட்டாவுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. பிறகு வாசலுக்குப் பக்கத்து மதிலில், கூரைத் தாழ்வாரத்துக்குள் நனையாதபடி, ஒரு வைஃபை கருவியை வையுங்கள். அதன் ஓட்டம் அந்தச் சிறிய கணினியோடு நிற்கட்டும், வெளி இணையத்துக்குப் போக வேண்டாம்.

காணொளி வேண்டும் என்று ஆசிரியர்கள் ஆசைப்படுவார்கள். நான் குரலைத்தான் பரிந்துரைப்பேன். 40 நிமிடப் பாடவேளை ஒன்றை நொடிக்கு 24 கிலோபிட் வேகத்தில் குரலாகப் பதிந்தால் 7.2 மெகாபைட்தான் வரும், பேச்சு துல்லியமாகக் கேட்கும். கரும்பலகையை இரண்டு படம் எடுத்துச் சேர்த்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து பாடம் என்றால் 36 மெகாபைட். முப்பது பேர் ஒரே நேரத்தில் வாசலில் நின்று இறக்கினாலும், கருவி மொத்தமாக 100 மெகாபிட் வேகம் கொடுத்தால், ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். முச்சக்கர வண்டிக்காரர் திருப்பி எடுப்பதற்குள் பாடம் ஏறிவிடும். இதே பாடங்களைக் காணொளியாக்கினால் ஒரு நாளுக்கே ஒரு கிகாபைட்டைத் தாண்டும். குறைந்த விலைக் கைத்தொலைபேசிகளில் அதை வைக்க இடமும் இருக்காது.

பாடசாலைக்குள் பிள்ளைகள் கைத்தொலைபேசி கொண்டுவருவதை உங்கள் அதிபர் விரும்பமாட்டார், சரியும்தான். ஆகவே கூட்டிப்போக வரும் பெற்றோரின் கைத்தொலைபேசியை நம்பி இதை அமையுங்கள். ஆனால் திருக்கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளில் சிலருக்கு வீட்டில் இருப்பது ஒரே ஒரு கைத்தொலைபேசி, அதுவும் இரவில் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். அவர்களுக்கு மைக்ரோ மெமரி கார்டும், அதைப் போட்டுக் கேட்கும் சிறிய ஒலிக்கருவியும் கொடுங்கள். நவீனமாகத் தோன்றாது. ஆனால் சார்ஜ் நிற்கும், கைத்தொலைபேசிக்காக அண்ணனோடு சண்டையும் வராது.

சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் முதல் நாளே திட்டம் கவிழும். வெளி இணையம் இல்லாத வைஃபையில் சேர்ந்ததும் அன்ட்ராய்ட் கைத்தொலைபேசி "இந்த இணைப்பில் இணையம் இல்லை, தொடரவா?" என்று கேட்கும். பெற்றோர் பயந்து "இல்லை" என்று அழுத்துவார்கள், அல்லது கைத்தொலைபேசி தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பிறகு பக்கம் திறக்காது, "டீச்சரின் பெட்டி பழுது" என்ற செய்தி வட்ஸ்அப் குழுவில் பரவும். வாசலில் ஒரு மட்டை எழுதித் தொங்கவிடுங்கள்: முதலில் மொபைல் டேட்டாவை அணை, பிறகு வைஃபையில் சேர், கேட்டால் "ஆம்" என்று சொல். ஒரு வாரம் உயர்தரப் பிள்ளைகள் இருவர் நின்று காட்டிக்கொடுத்தால் போதும்.

இந்த வாசல் பெட்டி, அதாவது சிறிய கணினியும் அதன் வைஃபை கருவியும், மூன்று மாதம் ஒழுங்காக ஓடினால் அடுத்த கட்டத்தை யோசிக்கலாம். கன்னியா, பாலையூற்றுப் பிள்ளைகள் மாலையில் சேரும் ஓர் இடம் இருக்குமே, வாசிகசாலையோ கோயில் மண்டபமோ. அந்த இடத்துக்குப் பாடசாலைக் கூரையிலிருந்து நேருக்கு நேர் ஓர் இணைப்புப் போடலாம். இரண்டு பக்கமும் 5 கிகாஹேர்ட்ஸ் அன்டெனா, ஒன்றை ஒன்று பார்த்தபடி. ஒன்றரைக் கிலோமீட்டருக்கு இழப்பு 111 டெசிபெல் அளவில் வரும். இரண்டு முனையிலும் அலையை 16 டெசிபெல் அளவுக்குக் குவித்து அனுப்பும் அன்டெனா இருந்தால் சமிக்ஞை தாராளமாகக் கிடைக்கும், அதற்குப் பெரிய கோபுரம் தேவையில்லை. அன்டெனாவுக்கு அன்டெனா கண்ணால் தெரிந்தால் மட்டும் போதாது, கோட்டைச் சுற்றியும் வெளி வேண்டும். மூன்று கிலோமீட்டர் இணைப்பில் நடுப்பகுதியில், கோட்டிலிருந்து எந்தப் பக்கமும் ஏறக்குறைய 4 மீட்டருக்குள் எதுவும் இருக்கக் கூடாது. தென்னை வளரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன் உவர்மலைச் சரிவில் ஒரு கூரையிலிருந்து உள்துறைமுகத்துக்கு அக்கரைக்கு ஓர் இணைப்புப் போட்டேன். நேர்ப்பார்வை பிரமாதம், நடுவில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. இரண்டு மாதம் ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் செத்துவிட்டது. கேபிளை மாற்றினேன், மின்வழங்கியை மாற்றினேன், அக்கரைக்குப் போய் அங்குள்ள கருவியையும் கழற்றிப் பூட்டினேன். பின்னேரம் களைத்துப்போய்க் கூரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: கோட்டுக்கு நடுவில், நாலு மாடி உயரத்துக்கு, ஒரு சரக்குக் கப்பல் நங்கூரமிட்டு நின்றது. ஐந்து நாள் நின்றது. கப்பல் போனதும் இணைப்பு தானாக வந்தது. தண்ணீருக்கு மேலே போகும் இணைப்பில் கப்பல் இல்லாவிட்டாலும் தொல்லை உண்டு. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் அலையும் நேரே வரும் அலையும் சில நேரம் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அலையின் நீளமே 5 சென்டிமீட்டர் என்பதால் கடல்மட்டம் சற்று ஏறி இறங்கினாலும் நிலைமை மாறும். ஆகவே கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகளை இங்கிருந்து குடாவைக் கடந்து பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். அந்தப் பக்கத்துப் பாடசாலைகளிலேயே ஆளுக்கொரு வாசல் பெட்டி வைப்பது மலிவு.

துறைமுகமும் சீனக்குடா விமான ஓடுதளமும் உள்ள ஊர் என்பதால் இன்னொன்று. 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை இலக்கமிட்ட சனல்களாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றில் நடுப்பகுதிச் சனல்கள், 52 முதல் 144 வரை, ராடாரோடு பங்கிடப்பட்டவை. கருவிக்கு ராடார் கேட்டால் அந்தச் சனலை விட்டு வெளியேறி அரை மணி நேரம் திரும்பி வரக்கூடாது என்பது விதி. கருவியைத் "தானாகத் தெரிவுசெய்" என்று விட்டுவிடாமல் அந்த வரிசைக்கு வெளியே ஒரு சனலைக் கையால் வைத்துவிடுங்கள்.

உப்புக்காற்றைப் பற்றி நீங்களே எனக்குச் சொல்லலாம். ஜன்னல் கம்பிக்கு நடப்பதுதான் அன்டெனா ஆணிக்கும் நடக்கும். துருப்பிடிக்காத எஃகு ஆணிகளையே கேளுங்கள், கேபிள் பொருத்துகளைச் சுற்றித் தண்ணீர் புகாத நாடாவைச் சுற்றுங்கள், கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், மழைநீர் அதில் சொட்டிவிடும். இடிக்கு நிலத்தொடுப்பு அவசியம். விலைப்பட்டியலில் முதலில் வெட்டப்படும் வரியும் அதுதான். மின்சாரத்தைப் பொறுத்தவரை, 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் இருட்டில் இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். கருவி 8 வாட் இழுத்தால் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பற்றரி ஒன்று பாதி மட்டும் தேய்ந்தாலும் ஐந்து மணி நேரம் தாங்கும். வாசல் பெட்டிக்கும் அதே அளவு போதும்.

மதிலோரத்தில் மாலையில் முழு இணையத்தையும் திறந்துவிடலாமே என்பார்கள். நான் அவசரப்படமாட்டேன். இருட்டிய பிறகு பாடசாலை மதிலோரம் பெண்பிள்ளைகள் நிற்க வேண்டிவரும், அதற்கு யார் பொறுப்பு? திறப்பதானால் வாசலுக்கு உள்ளே, வெளிச்சத்தில், வாங்கு போட்டு, காவலாளி இருக்கும் நேரத்தில், ஏழு மணிக்கு முன் மூடும்படி திறவுங்கள். எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் வைத்தால் அது ஒரு கிழமையில் முச்சக்கர வண்டித் தரிப்பிடத்துக்குப் போய்விடும். பிள்ளைக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் வையுங்கள், உங்களிடம் இருக்கும் கருவிகள் அதற்கு இடம்கொடுக்கும். ஒவ்வொரு கைத்தொலைபேசியின் வைஃபை அடையாள முகவரியையும் பதிந்து, மற்றவற்றுக்குப் பூட்டலாம் என்ற பழைய யோசனை இப்போது பலிக்காது, புதிய கைத்தொலைபேசிகள் அந்த முகவரியைத் தாமாகவே மாற்றிக்கொள்கின்றன. பிள்ளைகளின் வழி வேறு, அலுவலகக் கணினிகளின் வழி வேறு என்று வலையமைப்பைப் பிரித்துவிடுவது கட்டாயம். எந்தப் பிள்ளை எந்தப் பக்கத்தைப் பார்த்தது என்ற பதிவு சேருமானால் அது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் விஷயம். தேவைக்கு மேல் சேர்க்காதீர்கள், சேர்த்ததை மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிடுங்கள்.

பாடசாலை வளவுக்கு வெளியே எந்த இணைப்புப் போடுவதானாலும் முதலில் இரண்டு கடிதம். ஒன்று இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு: 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்தத் துறை அவர்கள் கையில் இருக்கிறது. எந்த அலைவரிசை, என்ன வலு, எங்கிருந்து எங்கே என்று எழுதிக் கேளுங்கள். மற்றது உங்களுக்கு ஃபைபர் தரும் நிறுவனத்துக்கு, இணைப்பை வளவுக்கு வெளியே பகிர ஒப்பந்தம் இடம்கொடுக்கிறதா என்று. வலயக் கல்விப் பணிமனைக்கும் பிரதி போகட்டும். கடற்படை முகாம் உள்ள ஊரில் கூரையில் புதிய கம்பம் எழுந்தால் யாராவது வந்து கேட்பார்கள், அப்போது கையில் ஒரு கடிதம் இருப்பது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் சில பிள்ளைகளுக்கு உண்மையான இணையம் வீட்டில் வேண்டும். உயர்தரத்தில் செயற்றிட்டம் செய்பவர்கள், நோயால் வீட்டில் கிடப்பவர்கள். அவர்களைக் கையால் எண்ணலாம். அன்டெனாவுக்கு ஒதுக்கிய காசில் அவர்களுக்கு மாதாந்த டேட்டா அட்டை வாங்கிக் கொடுங்கள். எத்தனை பேருக்கு என்பதை வகுப்பாசிரியர்கள் ஒரே பின்னேரத்தில் எழுதித் தந்துவிடுவார்கள்.

அந்தப் பட்டியலோடு, வாசலில் பிற்பகல் 1.30க்கு எத்தனை பெற்றோர் கைத்தொலைபேசியோடு நிற்கிறார்கள் என்று மூன்று நாள் எண்ணி எனக்கு எழுதுங்கள். ஒரு கருவி போதுமா, இரண்டு வேண்டுமா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். உங்களிடம் உள்ள நான்கு கருவிகளின் மாதிரி இலக்கமும் வேண்டும். அது கருவியின் முதுகில் ஒட்டியிருக்கும். அதைப் பார்க்க யாரையாவது கூரைப் பக்கம் ஏற்றுவதானால் காலை எட்டரைக்கு முன் ஏற்றுங்கள், அதற்குப் பிறகு அந்தத் தகரத்தில் கால் வைக்க முடியாது.